மோட்டார் சைக்கிளில் சைலன்சர் மாற்றமும் எரிபொருள் சீராக்கியும்

பெங்களூரு மாநகரில் ஜே. சி. ரோடு என்று வழங்கும் ஜெயசாமராஜேந்திர சாலை, மோட்டார் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர் பெற்ற கடைத்தெருவாகும். இத்தகைய கடைத்தெருக்களுக்குத் தம் மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்ற வேண்டி வருவோரிடம், ‘பியூயல் டியூனர்’ என்னும் சிறு மின்னணுப் பெட்டி ஒன்றையும் உடன் பொருத்த வேண்டும் என்று கூறப்படுவதுண்டு. இதனை எரிபொருள் சீராக்கி என்று தமிழில் குறிக்கலாம். இது எல்லா வண்டிக்கும் தேவையா? தேவையாயின் எவ்வகை தேவை? பலர் எண்ணுவது போல் இக்கருவி வலிமையை உண்டாக்குவதன்று. குலைந்த ஒரு விகிதத்தைச் சீர்செய்வதே இதன் பணி. விகிதம் குலைந்துள்ளதா என அளந்தறியுமுன் இதனை வாங்குவது, காய்ச்சலைப் பாராமல் மருந்து உண்பதை ஒக்கும்.

கலவையின் விகிதம்

பெட்ரோல் முழுதும் எரிவதற்குத் திட்டமான அளவு காற்று வேண்டும். கலப்பற்ற பெட்ரோல் ஒரு கிராம் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்று இதனினும் மிகுமாயின் அக்கலவை மெலிந்த கலவை எனப்படும்; பட்டறையில் இதனை ‘லீன்’ என்பர். பெட்ரோல் மிகுமாயின் செறிந்த கலவை. இது ‘ரிச்’ எனப்படும். பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள புன்சன் அடுப்பைக் கொண்டே ஆசிரியர்கள் இதனை விளக்கலாம். காற்றுத் துளையை மூடினால் சுடர் மஞ்சளாகிப் புகை கக்கும். அளவாகத் திறந்தால் நீலமாக எரியும். மிகுதியும் திறந்தால் சுடர் நிலைகொள்ளாமல் துள்ளும்.

இந்த விகிதம் எரிபொருளைப் பொறுத்து மாறும். 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை, 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடைபெற்ற எரிசக்தி மாநாட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. எத்தனாலின் மூலக்கூறிலேயே பிராணவாயு அமைந்திருத்தலால், இக்கலப்பு எரிபொருள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 13.5 கிராம் காற்றே போதும். ஆதலின், கலப்பற்ற பெட்ரோலை அடிப்படையாகக் கொண்டு வெளிநாட்டில் வகுத்த எரிபொருள் அட்டவணையை இங்கு அப்படியே பயன்படுத்தினால் கலவை மெலிவடையும்.

சைலன்சர் மாறினால் நேர்வது யாது?

எரிந்த வாயு உருளையை விட்டு வெளியேறுகையில், குழாயினுள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. குழாயின் நீளமும் விட்டமும் உட்புறத் தடுப்புகளும் இவ்வலைகளின் காலத்தை நிர்ணயிக்கின்றன. வெளியேற்று வால்வு மூடுவதற்குள் உள்ளிழுப்பு வால்வு திறக்கத் தொடங்கும் அக்குறுகிய கணத்தில், சரியான நேரத்தில் திரும்பி வரும் தாழ்ந்த அழுத்த அலை பழைய வாயுவை உறிஞ்சிப் புதிய காற்றை உள்ளே ஈர்க்கும். புதிய சைலன்சர் இந்த அமைப்பை மாற்றுகிறது. சில வேகங்களில் உருளைக்குள் காற்று மிகலாம். வேறு சில வேகங்களில் குறையவும் செய்யலாம். ஓசை மிகுந்தால் வலிமையும் மிகுந்துவிட்டதெனக் கொள்வது தவறு.

ஒரு கணக்கால் இதன் அளவை உணரலாம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. 25 டிகிரி வெப்பத்தில் 350 கன செண்டிமீட்டர் உருளை ஒன்று முழுதும் நிரம்பினால் அதில் அடங்கும் காற்று ஏறத்தாழ 370 மில்லிகிராம். அதற்கு வேண்டிய கலப்பற்ற பெட்ரோல் 25 மில்லிகிராம். அதே உருளை சென்னையில் 410 மில்லிகிராமுக்குச் சற்று மிகுந்த காற்றையும் 28 மில்லிகிராம் பெட்ரோலையும் ஏற்கும். இனி, பெங்களூரில் புதிய சைலன்சரால் காற்று 5 சதவிகிதம் கூடுவதாகக் கொள்வோம். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே பாயுமாயின் விகிதம் 14.7-லிருந்து 15.4 ஆகிவிடும். குறைபடும் பெட்ரோல் ஒன்றேகால் மில்லிகிராமே. எனினும், முழு விசையில் நெடுநேரம் ஓடும் எஞ்சினில் இச்சிறு குறை வலிமையைக் குறைத்து, வெளியேற்று வால்வையும் பிஸ்டன் தலையையும் மிகையாகச் சூடேற்ற வல்லது.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் பணி

கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் இக்குறையைத் துளை பெரிதான வேறொரு ஜெட்டைப் பொருத்தித் தீர்த்தனர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாம் மின்னணுத் தெளிப்பான் கொண்டவையாயின. தெளிப்பான் எத்தனை மில்லிசெகண்டு திறந்திருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது.

இப்பெட்டி காற்றை நேரே எடையிடுவதில்லை. எஞ்சினின் சுழற்சி வேகம், திராட்டில் திறப்பு, காற்றின் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு, தொழிற்சாலையில் எழுதப்பட்ட அட்டவணையிலிருந்து காற்றின் அளவை ஊகிக்கிறது. சென்னையிலிருந்து மலையேறிப் பெங்களூருக்கு வந்தால் அழுத்த உணரி அதனைச் சொல்லிவிடும். சைலன்சர் மாறியதைச் சொல்வதற்கோ தனி உணரி எதுவும் இல்லை.

இக்குறையை ஓரளவு ஈடு செய்வது புகைக்குழாயில் அமைந்த பிராணவாயு உணரியாகும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஆக்கிய இவ்வுணரி 1976-இல் முதன்முதலாக மோட்டார் கார்களில் இடம்பெற்றது. புகையில் பிராணவாயு எஞ்சியிருந்தால் கலவை மெலிந்தது என்றும், எஞ்சாவிடில் செறிந்தது என்றும் இது அறிவிக்கிறது. சீரான மிதவேகத்தில் பெட்டி இச்செய்தியைக் கேட்டு எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் விகிதத்தைக் காக்கிறது. எத்தனால் கலப்பால் நேரும் வேறுபாடும் இவ்வாறே சரிசெய்யப்படுகிறது. ஆனால் திராட்டிலை முழுதும் திறக்கும்போது பெட்டி பொதுவாக உணரியின் சொல்லைக் கேளாது அட்டவணையை மட்டுமே பின்பற்றுகிறது. சீராக்கியின் தேவை எழுவது பெரும்பாலும் இந்நிலையிலேயே.

சீராக்கிகளின் வகைகள்

விற்பனையில் உள்ள கருவிகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, உணரியை ஏமாற்றுவது. காற்றின் வெப்ப உணரியோடு ஒரு மின்தடையை இணைத்து, காற்று உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதாகப் பெட்டியை நம்பச் செய்யும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலின் பெட்டி பெட்ரோலைக் கூட்டும். விலை குறைவு, ஆயினும் எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே வீதமாகக் கூட்டுமேயன்றி, தேவைப்படும் இடம் அறிந்து கூட்டாது.

இரண்டாவது வகை, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் தெளிப்பானுக்கும் இடையே நின்று, திறப்பு நேரத்தை வேகத்துக்கும் திறப்புக்கும் ஏற்ப மாற்றுவது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பவர்ட்ரானிக், அமெரிக்க டைனோஜெட் நிறுவனத்தின் பவர் கமாண்டர் ஆகியன இவ்வகையின. கழற்றிவிட்டால் வண்டி பழைய நிலையை எய்தும் என்பது இதன் சிறப்பு. ஒரு முரண்பாட்டையும் அறிதல் வேண்டும். மிதவேகத்தில் சீராக்கி பெட்ரோலைக் கூட்டினால், பிராணவாயு உணரி செறிவை உணர்த்த, மூலப் பெட்டி அதனைக் குறைத்துவிடும். எனவே, உணரி ஆளும் எல்லையைத் தொடாது, முழு விசை எல்லையை மட்டும் திருத்தும் வகையில் அமைத்தலே நன்று.

மூன்றாவது வகை, மூலப் பெட்டியின் அட்டவணையையே திருத்தி எழுதுவது. இதில் கூடுதல் கம்பியோ இணைப்போ இல்லை. திருத்துவோரின் திறமையே எல்லாம். நான்காவது வகை, மூலப் பெட்டியை அகற்றி முற்றிலும் புதிய பெட்டி பொருத்துவது. இது பந்தயத் தடத்துக்கு உரியது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதற்கண் மாற்றத்தின் அளவை நோக்க வேண்டும். வினையூக்கிக் கூட்டையும் பிராணவாயு உணரியையும் தொடாமல், கடைசிப் பகுதியான சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால், பெரும்பாலான வண்டிகளில் மூலப் பெட்டியே சமாளித்துக் கொள்ளும். சீராக்கி தேவைப்படுவது அரிது. காற்று வடிகட்டியும் முழுக் குழாயும் சேர்ந்து மாறும்போதே விகிதம் வெகுவாக விலகுகிறது.

அடுத்து, குழாய் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். திராட்டிலை மூடும்போது ‘பட்பட்’ என்று வெடிப்போசை எழுந்தால் கலவை மெலிந்துவிட்டதென உடனே முடிவு செய்கின்றனர். இணைப்பில் கசிவிருந்து வெளிக்காற்று உட்புகுந்தாலும் இவ்வோசை எழும். உணரிக்கு முன்பாகக் கசிவிருந்தால், அக்காற்றின் பிராணவாயுவைக் கண்டு உணரி தவறாக ‘மெலிவு’ என அறிவிக்க, பெட்டி தேவையின்றிப் பெட்ரோலைச் சொரியும். புதிய கேஸ்கட் ஒன்றால் தீரும் குறைக்கு மின்னணுக் கருவி வாங்குதல் வீண்.

மூன்றாவதாக, அளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கண்டு கலவையை மதிப்பிடும் பழைய முறை, காரீயம் நீங்கிய இன்றைய பெட்ரோலில் முன்போல் நம்பத்தக்கதன்று. வண்டியில் உள்ள உணரியும் ‘மிகை, குறை’ என்று மட்டும் சொல்லுமேயன்றி எவ்வளவு என்று சொல்லாது. அகன்ற எல்லை கொண்ட பிராணவாயு அளவியைப் புகைக்குழாயில் பொருத்தி, டைனமோமீட்டர் உருளை மீது வண்டியை ஓட்டி, ஒவ்வொரு வேகத்திலும் விகிதத்தைக் குறிப்பதே முறை. அளவு சரியாக இருக்குமாயின் செலவு அங்கேயே நின்றுவிடும். விலகல் காணப்பட்டால், இரண்டாவது அல்லது மூன்றாவது வகையைத் தேர்ந்து, அதே வண்டியில், அதே எரிபொருளில் மீண்டும் அளந்து திருத்த வேண்டும்.

செறிவு கூடினால் எஞ்சினுக்கு நலமே என்னும் எண்ணமும் பிழையானது. எரியாது எஞ்சும் பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். புகையோடு வெளியேறும் பகுதி வினையூக்கிக் கூட்டினுள் எரிந்து அதன் தேன்கூட்டு அமைப்பையே உருக்கிவிடக்கூடும். கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவும் பெருகும்.

சட்டத்தின் வரம்பு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒலி, புகை வரம்புகளை மீறினால் முதற்குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். 175 கன செண்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்குத் தயாரிப்பு நிலையில் வகுக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபெல் ஆகும். வினையூக்கிக் கூட்டை அகற்றிய வண்டி பொதுச் சாலைக்கு உரியதன்று. எத்துணைச் சிறந்த சீராக்கியும் அதனைச் சட்டத்துக்கு உட்பட்டதாக்காது. எஞ்சின் பழுதுற்றால் தயாரிப்பாளர் உத்தரவாதத்தை மறுக்கவும் கூடும்.

ஆகவே, சாலையில் ஓடும் வண்டியின் உரிமையாளர் கொள்ளத்தக்க வரிசை இதுவாகும்: முறையான ஒலி அடக்கமும் வினையூக்கியும் உடைய சைலன்சரை மட்டும் கொள்ளுதல், கசிவின்றிப் பொருத்துதல், விகிதத்தை அளத்தல், குறை கண்டால் மட்டுமே சீராக்கியை நாடுதல். இவ்வரிசையைப் பின்பற்றுவோரில் பலர் கடைசிப் படிக்குச் செல்லத் தேவையே நேராது. கிராமந்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று பணிபுரியும் களப்பணியாளர்கள் இதனைத் தம் வண்டியிலும், ஆசிரியர்கள் வாகனத்தில் ஆர்வங்கொண்ட மாணவரிடத்தும் எடுத்துக்காட்டுவாராயின், வீண் செலவும் எஞ்சின் பழுதும் தெருவின் இரைச்சலும் ஒருங்கே குறையும்.