மலையேறி வரும் மளிகை

உடும்பஞ்சோலைத் தாலுகாவில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளியின் ஒரு நாள் சாப்பாட்டைப் பார்த்தால், அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று சொல்வது கடினம். காலையில் ஓட்டலில் புட்டும் கடலையும். மதியம் ஏலத்தோட்டத்து நிழலில் தூக்குச் சட்டியைத் திறந்தால் புளிச்சோறும் துவையலும். மாலையில் பழம்பொரியும் சாயாவும். இரவு லயத்தில் ரசஞ்சோறு.

ருசி ஒருபுறம் இருக்கட்டும். வாங்கும் கூலியில் நல்ல பங்கு வயிற்றுக்குத்தான் போகிறது. எதை மலைமேல் வாங்குவது, எதைக் கீழேயிருந்து கொண்டு வருவது, எதைக் காசு கொடுக்காமலேயே உரிமையாகப் பெறுவது என்று தெரிந்தவர் நாலு காசு மிச்சம் பிடிக்கிறார். தெரியாதவர் கடைப் பற்று நோட்டில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

சாலை திறந்தால் அடுப்பு எரியும்

இடுக்கி மாவட்டத்தில் தண்டவாளம் கிடையாது. 1928-ல் போடிநாயக்கனூர் வந்த ரயில் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. அகலப்பாதை வேலைக்காக அதுவும் 2010 கடைசியில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி போடிக்கு வந்து சேர்ந்தது. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கே இது கொஞ்சம் வருத்தந்தான்.

ஆகவே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகள்தான் கதி. விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறுகின்றன. கம்பம் பள்ளத்தாக்குக் காய்கறியும் அரிசி, பருப்பும் அதே சாலைகளில் மேலே வருகின்றன. ஏலக்காய் மூட்டை கீழே இறங்குகிறது.

இந்தச் சாலைகள் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது லாரிகள் நின்றன. தொழிலாளர் பலர் வேலையை விட்டு ஊருக்கு இறங்கினர். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது செக்போஸ்டுகள் மூடப்பட்டன. இரண்டு தடவையும் இங்கே கடையில் காய்க்கும் தட்டுப்பாடு, அங்கே விளைந்த காய்க்கு விலை இல்லை. ஒரு மாநிலத்தின் சாம்பார் இன்னொரு மாநிலத்தின் வயலை நம்பியிருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

'மிளகு' கேட்டால் மிளகாய்!

பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் கடைக்காரர்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அடிமாலி, தொடுபுழைப் பக்கம் மாற்றலாகிப் போகிறவர்களுக்குத்தான் முதல் மாதம் வேடிக்கையாக இருக்கும்.

மிளகு கேட்டால் மிளகாய் வரும். மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். நம் மிளகுக்கு 'குருமுளகு' என்று பெயர். 'சர்க்கரை' என்றால் வெல்லத்தை எடுத்து வைப்பார்கள். சீனி வேண்டுமென்றால் 'பஞ்சசார' என்று கேட்க வேண்டும். 'கடலை' என்றால் கொண்டைக்கடலை. பூண்டுக்கு 'வெளுத்துள்ளி', வெந்தயத்துக்கு 'உலுவா'. ஓட்டலில் 'கறி உண்டு' என்றதும் ஆட்டுக்கறி என்று ஆசைப்பட வேண்டாம். குழம்பு எதுவானாலும் அங்கே கறிதான், மோர்க்குழம்புகூட மோர்க்கறி!

வெறுமனே எண்ணெய் கேட்டால் தேங்காய் எண்ணெயைத் தருவதும் உண்டு. 2025 ஜூலையில் கேரளத்தில் அதன் விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது. ஆகவே கடலெண்ணெயா, நல்லெண்ணெயா, பாமாயிலா என்று பெயர் சொல்லிக் கேட்பது பைக்கு நல்லது.

பாத்திரக் கடையில்

தோட்டங்களில் பல கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கின்றன. உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. இங்கே தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பானையில் சோறும் பருப்பும் வேக ஊரைவிட அதிக நேரம் ஆகிறது. 'மலைத் தண்ணியில் பருப்பு வேகாது' என்று பெண்கள் சொல்வதில் இந்தக் காரணமும் அடங்கியிருக்கிறது.

விலை மலிவு என்று குத்தரிசி வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கஞ்சிக்கு அது அருமையான அரிசி. ஆனால் பானையில் வைத்தால், அரிசியில் மிச்சமான காசு கேஸில் கரைந்துவிடும். மலைவாசிக்கு பிரஷர் குக்கர் ஆடம்பரம் அல்ல. செலவைக் குறைக்கும் கருவி. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் முத்திரை இல்லாத குக்கரை விற்பதே சட்டப்படி குற்றம். தெருவில் கூவி விற்கும் மலிவுக் குக்கர் வேண்டாம். வெடித்தால் போவது பாத்திரம் மட்டுமல்ல. குக்கர் மூடியில் ஆவி வரும் இடத்தில் பொருத்துகிற புட்டுக்குழலும் சேர்த்து வாங்கினால் காலைப் பலகாரம் வீட்டிலேயே ஆகிவிடும்.

குளிரில் இட்லி மாவு சீக்கிரம் புளிக்காது. முன்னிரவிலேயே கரைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைப்பதுதான் இங்கே வழக்கம். எவர்சில்வர் சாமானில் பெயர் வெட்டிக்கொள்ள மறக்காதீர்கள். வரிசை வீட்டில் எல்லார் தூக்குச் சட்டியும் ஒரே மாதிரிதான்!

செக்போஸ்ட் தாண்டிய ரேஷன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மாதாமாதம் ஊருக்குப் போய் ரேஷன் அரிசியைக் கட்டித் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் கேரளா 2020 ஜனவரியிலும் தமிழ்நாடு 2020 அக்டோபரிலும் சேர்ந்தன. தமிழ்நாட்டுக் கார்டில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று குறித்திருந்தால், கேரள ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து உங்கள் பங்கைப் பெறலாம். கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ போதும். பி.எச்.எச். கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, ஏ.ஏ.ஒய். கார்டுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இந்தத் தானியத்துக்குக் காசு இல்லை. கொஞ்சம் இங்கே வாங்கிக்கொண்டு மீதியை ஊரில் குடும்பத்தார் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். என்.பி.எச்.எச். கார்டுக்கு இந்த வசதி கிடையாது. தமிழ்நாட்டுக் கடையில் தரும் துவரம்பருப்பு, பாமாயில், சீனி இங்கே கிடைக்காது. அவற்றை ஊரில்தான் வாங்க வேண்டும். தட்டிக்கழிக்கும் கடைக்காரர் யாராவது இருந்தால், நெடுங்கண்டத்தில் உள்ள தாலுகா சப்ளை ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம். கேட்பது பிச்சை அல்ல, சட்டம் தந்த பங்கு.

நோட்டு உங்களிடமும் இருக்கட்டும்

கடையில் பற்று வைப்பதைத் தவிர்க்க முடியாது. மழைக்காலத்தில் வேலை இல்லாத வாரங்களில் பற்றுக் கொடுக்கும் கடைக்காரர்தான் பல வீட்டில் அடுப்பை எரிய வைக்கிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு அவர் நோட்டில் மட்டும் இருக்கக்கூடாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து, அன்றன்று வாங்கியதைத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பொட்டலத்தில் அச்சிட்ட எடை, விலை, தேதி மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். அச்சிட்ட விலைக்குமேல் ஒரு ரூபாய் கூடக் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஊரரிசியும் மலைக்கிழங்கும், சாம்பாரும் மீன்குழம்பும் ஒரே அடுப்பில் வேகப் பழகிவிட்டன. கப்பைக்கிழங்கை அவித்து மிளகாய்ச் சட்னி தொட்டுச் சாப்பிடும் தமிழரும், நம் முறுக்கையும் மிக்சரையும் கேட்டு வாங்கும் மலையாள அன்பரும் இந்தத் தாலுகாவில் நிறைய. நாக்குக்கு எல்லைக்கோடு தெரிவதில்லை. கையிலிருக்கும் ரேஷன் கார்டுக்கும் இப்போது எல்லைக்கோடு இல்லை. அடுத்த மாதம் மூட்டை கட்டுமுன் கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.