நாயினங்களைப் பதிவு செய்தலும் இனங்காண்டலும்

நாட்டு நாய்கள் யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. நம் நாட்டு இனமொன்றிற்கு அரசின் ஏற்பு, 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று அரியானா மாநிலத்துக் கர்னாலில் இயங்கிவரும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தின் வழியே கிட்டுகின்றது. பூர்வீகப் பகுதி, உடலளவு, நிறம், எண்ணிக்கை ஆகிய விவரங்களுடன் விண்ணப்பித்தல் வேண்டும். பிற இனங்களினின்று வேறுபட்ட இயல்புகள் தலைமுறைதோறும் மாறாது வருகின்றனவா என்று ஆராய்ந்த பின்னரே பதிவெண் வழங்கப்படும். தமிழ்நாட்டின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்தின் முதோள் வேட்டைநாய் ஆகியவை இவ்வாறு பதிவு பெற்றவற்றுள் அடங்கும்.

களத்தில் நேரும் பிழைகள் பெரும்பாலும் நிறத்தை மட்டும் நோக்குவதால் எழுவன. வெண்ணிற நாய் அனைத்தும் ராஜபாளையம் ஆகா. பால்வெண்மையோடு இளஞ்சிவப்பு மூக்கும் ஆழ்ந்த மார்பும் அவ்வினத்தின் அடையாளங்கள். சிப்பிப்பாறையோ மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையது. வீடுகளில் ‘பொமரேனியன்’ என வழங்கப்பெறும் சடைநாய்கள் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் ஆகும்.

பெற்றோர் அறியப்படாத நாய்க்குத் தோற்றங்கண்டு இனப்பெயர் சூட்டலாகாது. தவறான பதிவு, அருகிவரும் இனத்தின் எண்ணிக்கையை மிகுத்துக் காட்டும். கலப்பு நாயைத் தூயதெனக் கருதி இணைப்பின், இனமே சிதையும். ஆதலின், ஐயம் எழுமிடத்து ‘இனம் வரையறுக்கப்படாதது’ என்று குறித்தலே முறையாகும். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கும் உணர்த்துதல் நன்று.