பல தண்டு ஜப்பானிய மேப்பிள் போன்சாய்

பல தண்டு ஜப்பானிய மேப்பிள் போன்சாய் என்பது, ஒரே அடிப்பகுதியிலிருந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டுகள் எழும்படி ஜப்பானிய மேப்பிள் மரத்தை ஆழம் குறைந்த தொட்டியில் சிறிதாக வளர்க்கும் கலையாகும். ஒரு தொட்டியில் பல கன்றுகளை நட்டுச் சிறு காடு போல அமைப்பது வேறு, இது வேறு. இங்கே தண்டுகள் பல, மரம் ஒன்று. அந்த ஒருமை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் முதன்மையான விதியாகும்.

மரத்தின் இயல்பு

ஜப்பானிய மேப்பிளின் தாவரவியல் பெயர் ஏசர் பால்மேட்டம். இது ஜப்பானிலும் கொரியாவிலும் இயற்கையாக வளர்கிறது. 1775–1776 ஆண்டுகளில் ஜப்பானில் தங்கியிருந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பர்க், 1784 இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். விரித்த உள்ளங்கை போன்ற இலை என்பதால் இப்பெயர் அமைந்தது. ஜப்பானியர் இதனை 'இரோஹா மோமிஜி' என்பர். நாம் அ, ஆ, இ என்று சொல்வது போல, அவர்களுடைய பழைய எழுத்து வரிசை இ, ரோ, ஹா என்று தொடங்கும். இலையின் மடல்களை அவ்வரிசையில் எண்ணியதால் வந்த பெயர் இது.

இம்மரத்தின் மூன்று இயல்புகள் இங்கு முக்கியமானவை:

1. அடியில் வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றிப் புதிய தளிர்கள் பல எழும்.
2. எதிரிலை அமைவு கொண்டது. ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிரே இரண்டு மொட்டுகள் இருக்கும்.
3. பட்டை மெல்லியது, வழவழப்பானது. ஆகவே காயமும் கம்பித் தழும்பும் நெடுநாள் தெரியும்.

வடிவங்கள்

இரட்டைத் தண்டு வடிவம் சோகன் எனவும், மூன்று தண்டு வடிவம் சங்கன் எனவும், ஒரே அடியிலிருந்து ஐந்து, ஏழு எனப் பல தண்டுகள் எழும் கொத்து வடிவம் கபுதாச்சி எனவும் அழைக்கப்படுகின்றன. இரண்டுக்கு மேல் போனால் ஒற்றைப்படை எண்ணையே விரும்புவர். நான்கு என்பதன் ஜப்பானிய ஒலிப்பு இறப்பைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு ஒத்திருப்பதால், அவ்வெண்ணைத் தவிர்ப்பது வழக்கம்.

உருவாக்கும் முறைகள்

அடிவெட்டு முறை: நன்கு வேரூன்றிய இளமரத்தை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். எழும் தளிர்களில் வெவ்வேறு திசையில் செல்பவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். பல தளிர்கள் ஒரே இடத்தில் நெருங்கி வளர்ந்தால் அங்கே முண்டு போன்ற வீக்கம் உண்டாகும். ஆகவே தேர்வைத் தள்ளிப்போடக் கூடாது.

விண்பதிய முறை: பெரிய மரத்தில் ஒரே இடத்தில் பல கிளைகள் பிரியும் பகுதியைத் தேர்ந்து, அதற்குச் சற்றுக் கீழே கிளையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தில் பட்டையை வளையமாக நீக்க வேண்டும். அதன்மேல் ஈரமான ஸ்பேக்னம் பாசியை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்ட வேண்டும். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை பட்டையிலுள்ள ஃபுளோயம் வழியே கீழே இறங்குகிறது. பட்டை நீங்கியதால் அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கி, அங்கே வேர்கள் பிறக்கின்றன. நீரோ உள்ளேயிருக்கும் சைலம் வழியாக மேலேறிக்கொண்டே இருக்கும். அதனால் கிளை வாடுவதில்லை. வசந்த கால இலைகள் முதிர்ந்த பின் செய்வதே ஏற்றது.

இணைப்பு முறை: மெல்லிய கன்றுகள் சிலவற்றை அடியில் இறுகக் கட்டி வளர்த்தால், அவை பருத்து ஒன்றையொன்று அழுத்தும். கேம்பியம் அடுக்குகள் சேர்ந்து, சில ஆண்டுகளில் அடிப்பகுதி ஒன்றாகிவிடும்.

இம்மூன்றாவது முறையில் ஒரு மறைபொறி உண்டு. விதைக் கன்றுகள் ஒரே தாய்மரத்தின் விதைகளாக இருந்தாலும் மரபியல்பில் வேறுபடும். அடி ஒன்றாகிவிட்டாலும், வசந்தத்தில் ஒரு தண்டு முந்தித் தளிர்க்கும், மற்றொன்று பிந்தும். இலையுதிர் காலத்தில் ஒன்று சிவக்கும்போது மற்றொன்று மஞ்சளாகும். பல ஆண்டு உழைப்புக்குப் பின்னரே இது தெரியவரும். எனவே ஒரே மரத்திலிருந்து எடுத்த போத்துகளை வேர்விடச் செய்து இணைப்பதே பாதுகாப்பானது. முதல் இரண்டு முறைகளில் இச்சிக்கலே எழாது.

தண்டுகளின் ஒழுங்கு

- ஒரு தண்டு மற்றவற்றைவிட உயரமாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் துடைப்பம் போலத் தோன்றும்.
- பருக்க வேண்டிய தண்டை வெட்டாமல் ஓங்கி வளரவிட வேண்டும். மெலிந்திருக்க வேண்டியதை அடிக்கடி கத்தரிக்க வேண்டும்.
- தண்டுகள் மண்ணை ஒட்டியே பிரிய வேண்டும். உயரத்தில் பிரிந்தால் கவட்டைக் கிளை போலாகும்.
- முன்னிருந்து பார்க்கையில் ஒரு தண்டு இன்னொன்றை மறைக்கலாகாது. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதும் அழகன்று.
- தண்டுகளுக்கு இடையே உள்நோக்கி வளரும் கிளைகளை நீக்கி, வெளிநோக்கியவற்றை வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே குடை போன்ற தலையாகும்.

பராமரிப்பு

வசந்தத்தில் முதல் இணை இலைகள் விரியும்போது அவற்றின் நடுவிலுள்ள குருத்தைக் கிள்ளினால் கணுவிடைத் தூரம் குறைந்து நுண்கிளைகள் பெருகும். தண்டைப் பருக்க வைக்கும் ஆண்டுகளில் கிள்ளக் கூடாது. கம்பி கட்டினால் அடிக்கடி கவனித்து, பட்டையில் பதியுமுன் வெட்டி எடுக்க வேண்டும். இளமரங்களை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மொட்டு விரிவதற்கு முன்பு மறுநடவு செய்து, கீழ்நோக்கிய வேர்களைக் குறைத்துப் பக்கவேர்களைப் பரப்பலாம். பிற்பகல் வெயிலும் வறண்ட காற்றும் இலை விளிம்பைக் கருக்கும். குளிர்கால உறக்கம் இம்மரத்துக்கு இன்றியமையாதது. அது கிடைக்காத வெப்பச் சமவெளிகளில் படிப்படியாக நலியும். அங்கு வாழ்வோர் இணைப்பு முறையை எளிதில் ஒட்டிக்கொள்ளும் அத்தி இனங்களில் பழகலாம்.

காட்சியில்

ஜப்பானின் புகழ்பெற்ற கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி 1934 இல் தொடங்கியது. டோக்கியோவின் உயெனோ பகுதியில் பிப்ரவரி மாதத்தில் இது நடைபெறுகிறது. அப்போது மேப்பிளில் இலைகள் இருப்பதில்லை. செந்நிற இலைகளுக்காக உலகமே விரும்பும் மரம், அங்கே வெறும் தண்டும் கிளையுமாக நிற்கிறது. வீக்கமும் தழும்பும் ஒழுங்கற்ற பிரிவும் அந்நாளில் மறைவதற்கு இடமில்லை. பல தண்டு மேப்பிளை வளர்ப்பவர் முதல் ஆண்டிலேயே அடிப்பகுதியில் கருத்தைச் செலுத்த வேண்டியதன் காரணமும் இதுவே.