ஆழ்கடலும் எமது காலபோகமும்

வவுனியா மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. அப்படியிருக்க, செட்டிகுளத்துக் கமக்காரர் ஆழ்கடலைப் பற்றி ஏன் அறிய வேண்டும்? எமது குளங்களை நிரப்பும் மாரி மழை வங்காள விரிகுடாவைக் கடந்தே எம்மிடம் வருகின்றது. அக்கடல் மாறினால் மழையும் மாறும்.

கடலுக்குள் ஓடும் ஆறு

குளிர்ந்த நீரும் உப்புக் கூடிய நீரும் பாரமானவை. ஆகவே கீழே இறங்கும். அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளுகின்றது. எஞ்சிய உவர்நீர் அடித்தளத்துக்கு இறங்கி, இந்து சமுத்திரத்தின் அடியால் வடக்கு நோக்கி மெல்ல ஊர்கின்றது. அது மீண்டும் மேலே வரப் பல நூறு ஆண்டுகள் செல்லும்.

வங்காள விரிகுடாவின் மேல்நீரோ உவர்ப்புக் குறைந்தது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகியவை கொட்டும் நன்னீரே காரணம். பாரமற்ற இப்படை ஆழத்துக் குளிர்நீருடன் எளிதில் கலப்பதில்லை. அதனால் மேற்பரப்பு சூடாகவே இருந்து புயல்களுக்கு வலுவூட்டுகின்றது.

மாறுவது என்ன?

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சலஞ்சர்' கப்பலில் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி ஆழ்நீரின் வெப்பநிலையை அளந்தார்கள். இன்று 'ஆர்கோ' மிதவைகள் 2000 மீற்றர் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை செய்மதிக்குச் செய்தி அனுப்புகின்றன. பூமியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடலே உள்வாங்கியுள்ளது. அந்தாட்டிக்காவிலிருந்து வரும் அடிநீரும் சூடேறி வருகின்றது. புகையை இன்றே நிறுத்தினாலும் ஆழ்கடல் நூற்றாண்டுகள் வரை சூடேறிக்கொண்டே இருக்கும்.

எமது வயலுக்கு என்ன?

காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2020 டிசம்பரில் 'புரேவி' புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியதை நாம் மறக்கவில்லை.

2009இல் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்து, பின்னர் காணி திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு போகம் அழிவதென்பது மீண்டும் கடனில் விழுவதாகும். பராமரிப்பின்றிக் கிடந்த குளக்கட்டு பெருமழையைத் தாங்காது. எனவே ஐப்பசிக்கு முன் கட்டு, துருசு, வான் மூன்றையும் கமக்காரர் அமைப்பினர் கூடிப் பார்க்கட்டும். விதைநெல் முழுவதையும் ஒரே தடவையில் விதைக்காது ஒரு பங்கைப் பத்திரப்படுத்துவோம். குறுகிய கால நெல்லினங்கள் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிவோம்.

கடலை நாம் ஆள முடியாது. ஆனால் குளத்தைக் காப்பது எமது கையில் உள்ளது. அது இறைவன் எம்மிடம் ஒப்படைத்த பணியுமாகும்.