தொட்டிலுக்கு அப்புறம்

பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் எங்களிடம் கொடுங்கள் என்று சொல்லி 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011இல் அது 916 ஆனது. இந்த உயர்வுக்குத் தொட்டில் மட்டுமே காரணமல்ல. ஆனால் அதில் விடப்பட்ட பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள்; அதுவே பெரிது.

பிழைத்த பிள்ளைக்கு அடுத்து என்ன வேண்டும்? ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தந்தது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். காப்பகத்தில் பாலும் படுக்கையும் இருந்தன. அழுதால் தூக்க ஆள் போதவில்லை. அங்கே வளர்ந்தவர்களின் மூளை மின்னலைகள் மந்தமாக இருந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களுக்கோ எட்டு வயதில் அவை காப்பகத்துக்கே போகாத குழந்தைகளுடையவற்றை ஒத்திருந்தன. குழந்தை 'ங்கா' என்றதும் பெரியவர் முகம் பார்த்துப் பதில் சொல்கிறாரே, அந்தப் பேச்சில்தான் நரம்பிணைப்புகள் வலுப்படுகின்றன.

அந்தப் பேச்சுக்கு நேரமில்லாத வீடுகள் இங்கும் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தாயும் தகப்பனும் ஒரே பட்டறையில் தறி ஓட்டும் வீடுகள் பல. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் வேலையை விட்டு விலகவும் முடியாது. 'பிள்ளையைக் கவனிக்காதவர்கள்' என்று அவர்களை ஏசுவது அநியாயம். கடனும் அசதியும் குடியும் சேர்ந்த வீட்டில் பாசம் இருந்தும் பதில் சொல்லத் தெம்பு இருப்பதில்லை. இரண்டாவதும் பெண்ணா என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் தவிக்கும் தாயிடம் அந்தப் பதிலை எப்படி எதிர்பார்ப்பது?

2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. சிறு பட்டறைகள் அதற்குள் வராது. பால்வாடியோ இரண்டு வயதுக்கு மேல்தான். மூளை வேகமாக வளரும் பருவத்துக் குழந்தைக்கே பகலில் போக இடமில்லை.

நாள்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பிள்ளைக்காக 1098ஐ யாரும் அழைக்கலாம். அந்த நிலை வராமல் தடுக்க, தடுப்பூசி நாளில் செவிலியர் தாயிடமும் "நல்லாத் தூங்கறியாம்மா?" என்று கேட்க வேண்டும். பட்டறைக்காரர்களும் நகராட்சியும் சேர்ந்து, தறி ஓடும் தெருக்களுக்குப் பொதுவாக, ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்கும் பகல்நேரக் காப்பகங்களை நடத்த வேண்டும்.