முள் சொல்லாததைச் சுடர் சொல்லும்

ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் லௌஷா, கண்ணாடி வேலைக்குப் பேர்போன ஊர். எண்ணெய் விளக்கின் சுடரில் காற்றை ஊதித்தான் அங்கே கண்ணாடிக் குழாய்களை இளக்கிவந்தார்கள். 1867இல் ஊருக்கு எரிவாயு ஆலை வந்தது. சூட்டை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் உருண்டைகளை இன்னும் பெரிதாக, மெல்லியதாக ஊத முடிந்தது.

கண்ணாடியை இளக்கும் இன்றைய டார்ச்சில் இரண்டு வால்வுகள்: ஒன்று புரொப்பேனுக்கு, மற்றது ஆக்சிஜனுக்கு. புரொப்பேனை மட்டும் திறந்து பற்றவைத்தால் தளர்ந்த மஞ்சள் சுடர் எழும். முழுதும் எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். ஆக்சிஜனை மெல்லத் திறக்கத் திறக்க மஞ்சள் மறைந்து, பர்னரின் துளைகளில் சின்னச் சின்ன நீலக்கூம்புகள் நிற்கும். கூம்பின் நுனிக்குச் சற்று அப்பால் சூடு உச்சம்: ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியஸ். போரோசிலிகேட் கண்ணாடி சுமார் 820 டிகிரியில் இளகத் தொடங்கும். தாராளமாக இழுத்து ஊத 1,250 டிகிரி வரை வேண்டும்.

ஒரு புரொப்பேன் மூலக்கூறு முழுதாக எரிய ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. அது குறைந்தால் சுடர் கண்ணாடியிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கும். செம்பு கலந்த நீலப்பச்சைக் கண்ணாடியில் செங்கல் நிறம் படரும். ஈயக் கண்ணாடி கறுத்துவிடும். வீட்டு அடுப்பு மஞ்சளாக எரியும்போது பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதற்கும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான் காரணம். ஆக்சிஜன் மிஞ்சினாலோ கூம்புகள் குறுகி, சுடர் சீறும்.

வாயு சிலிண்டரின் ரெகுலேட்டரில் வைக்கும் அழுத்தம் வாயுவின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வாயு முன்னே பாய, தீ பின்னோக்கிப் பரவப் பார்க்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் சுடர் நிற்கும். வாயு மிக விரைந்தால் சுடர் பர்னரை விட்டு விலகி அணையும். தளர்ந்தால், இரு வாயுக்களும் உள்ளேயே கலக்கும் டார்ச்சில் தீ ‘டப்’பென்று உள்ளே பாயும். அது சிலிண்டர் வரை போகாமலிருக்கத்தான் இணைப்பில் தடுப்பான் பொருத்துகிறார்கள்.

ஆனால் ரெகுலேட்டரின் முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. பர்னர் வாயில் எந்த வாயு எவ்வளவு கலக்கிறது என்பதை அது காட்டாது. புரொப்பேனைத் தொடர்ந்து இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து உள்ளழுத்தம் இறங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் ரெகுலேட்டராலும் அதை ஈடுகட்ட முடியாது. வால்வைத் தொடாமலேயே ஆக்சிஜனின் பங்கு கூடிவிடும். கைதேர்ந்தவர் கூம்புகள் குட்டையாவதைக் கண்டு, முள்ளைத் திரும்பிப் பார்க்காமலேயே ஆக்சிஜன் வால்வைக் கொஞ்சம் மூடிவிடுவார்.