பட்ட மரத்தை விறகாக்கும் முன்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்த மரங்களை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயலில் வேர் அசைந்த மரம் உடனே சாவதில்லை. ஓரிரண்டு கோடை தாண்டி, நின்ற இடத்திலேயே பட்டுப்போகும். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஆசை வரும்: வெட்டினால் வெந்நீர் அடுப்புக்கு ஒரு வருஷ விறகு!

முதலில், மரம் உண்மையாகவே பட்டுவிட்டதா? உதிய மரம் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். புங்கனும் வேம்பும் கோடையின் தொடக்கத்தில் இலை கொட்டும். அண்மை ஆண்டுகளில் வேப்பமரங்களின் நுனிக்கொம்புகள் கருகிப்போவதைப் பார்த்து, மரமே செத்துவிட்டது என்று கோடாலியைத் தூக்கியவர்கள் உண்டு. அது தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். நாலைந்து இடத்தில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு பருவமழை வரைக்கும் விட்டுவைக்கலாம்.

அடுத்தது, மரம் யாருடையது? அடிமரம் உங்கள் பட்டாவுக்குள் இருந்தால் உங்களுடையது. காம்பவுண்டுக்கு வெளியே, தெருவோரம் நின்றால், நீங்களே நட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் அதில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. தாம்பரம் மாநகராட்சியிடம் மனுக் கொடுக்க வேண்டும். நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் வேலியைத் தாண்டிச் சுள்ளி பொறுக்குவதும் குற்றம்தான். சொந்த நிலத்தில் நின்றாலும் இரண்டு மரங்களைத் தொடாதீர்கள். சந்தன மரம் என்றால், பட்டுப்போனதாகவே இருந்தாலும், வனத்துறைக்குத்தான் முதலில் தகவல் சொல்ல வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவு வந்தது. பட்ட பனைக்கும் கேட்டுவிடுவதே நல்லது. மா, முருங்கை, வேம்பு போன்ற வீட்டு மரங்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் வெட்டும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பச்சை மரத்தை வெட்டினார் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் உதவும்.

சட்டத்தைவிட மரம்தான் பெரிய ஆபத்து. பச்சை மரத்தை வெட்டும்போது, விழவேண்டிய பக்கம் ஒரு வாய் வெட்டி, பின்பக்கமிருந்து அறுப்பார்கள். நடுவில் கொஞ்சம் அறுக்காமல் விட்ட நார் வளைந்துகொடுத்து, மரத்தை அந்தப் பக்கமே மெல்லச் சாய்க்கும். பட்ட மரத்தின் நார் வளையாது, படக்கென்று ஒடியும். மரம் எந்தப் பக்கமும் போகலாம். அறுக்கிற அதிர்ச்சியில் மேலிருந்து கொம்பு உதிர்ந்து அறுப்பவர் தலையிலேயே விழவும் கூடும். போதாததற்கு இங்கே இடமும் கிடையாது. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. 40க்கு 60 மனை. அதில் அறுபதடித் தென்னை முழுசாகச் சாய்ந்தால் தலை அடுத்த வீட்டு மாடியில்தான். ஆகவே மேலிருந்து துண்டு துண்டாக, கயிறு கட்டி இறக்குவதுதான் வழி.

அதிலும் பட்ட தென்னையில் ஆளை ஏற்றவே ஏற்றாதீர்கள். காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ உள்ளே குடைந்திருக்கும். வெளியே மரம் நேராகத்தான் நிற்கும். ஏறுகிறவர் பழகியவராக இருந்தாலும் மரம் தாங்காது. ஏணி பொருத்திய வண்டியை வாடகைக்கு எடுங்கள். செலவுதான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை. பொந்தில் கிளிக் குஞ்சுகள் இருந்தால் அவை பறக்கும்வரை பொறுங்கள். கிளியைச் சட்டம் காக்கிறது. பொந்தில் பாம்பும் இருக்கலாம் என்பதால் கையை விட்டுப் பார்க்க வேண்டாம்.

இனி விறகு. செத்த மரம்தானே, காய்ந்திருக்கும் என்று நினைப்போம். மேல்பக்கம் காய்ந்திருந்தாலும் நடுமரத்தில் ஈரம் தங்கியிருக்கும். ஈர விறகு தன் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும், புகையையும் கூட்டும். ஒன்றரை அடித் துண்டாக அறுத்து, உடனே ஆப்பு வைத்துப் பிளந்துவிடுங்கள். பிறகு பிளப்பது கஷ்டம். செங்கல் மேல் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு மூடுங்கள். தையில் வெட்டினால் கத்திரி வெயில் முடியும்போது கணீரென்று காய்ந்திருக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

எல்லா மரமும் அடுப்புக்கு ஆகாது. சவுக்கும் சீமைக்கருவேலமும் நின்று எரியும். முருங்கை வெறும் சக்கை. தென்னந்தண்டும் அப்படித்தான், மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும்தான் அதன் எரிபொருள். அரளிக் கட்டையை எரிக்கவே கூடாது, புகையிலும் விஷம். பலாவோ, பெருத்த வேம்போ பட்டுப்போனால் விறகுத் தொட்டிக்காரரைக் கூப்பிடும் முன் மரவாடியில் கேளுங்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் ஆகிற மரத்தை வெந்நீருக்கு எரிப்பது வீண்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மண் ஊறிய பிறகு பட்ட மரத்தை அதன் அழுகிய வேர் பிடித்து வைக்காது. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று நின்றால், மழைக்கு முன்பே ஆளைக் கூப்பிட்டு இறக்கிவிடுங்கள்.